ஊர் கூடிப் பேணும் நலம்

ஆடிப்பூரத் திருநாளன்று திருவில்லிபுத்தூரில் தேரோட்டம் கண்டவர் அதனை எளிதில் மறவார். மலைபோல் உயர்ந்து நிற்கும் அத்தேரை ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடித்து இழுப்பர். வடம் பிடிப்போரேயன்றி, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோரும் உளர். தேர் எவ்விடத்தில் திரும்புதல் வேண்டும், எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பதை அறிந்து கட்டை இடுவது அவர்தம் திறமை. வடம் பிடிப்போர் பலர். கட்டை இடுவோர் சிலர். இவ்விரு திறத்தாருள் ஒரு திறத்தார் இல்லையெனினும் தேர் நிலைக்கு வந்து சேராது.

திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்து, சுந்தரபாண்டியம் என்னும் பேரூர் உள்ளது. வயலையும் தறியையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. அங்கே ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது என்று வைத்துக்கொள்வோம். அக்குழந்தையைக் காப்பது யார் கடமை? மருத்துவர் கடமை என்று பலரும் உடனே விடை கூறுவர். அது பாதி விடையே. குழந்தை குடித்த நீர் எங்கிருந்து வந்தது, அந்நீரை யார் மூடி வைத்தார், நோய் கண்ட முதல் நாழிகையில் யார் அருகில் இருந்தார் என்பன எல்லாம் மருத்துவமனையின் வாயிலுக்கு வெளியே நிகழ்வன. மருத்துவரும் செவிலியரும் கட்டை இடுவோரை ஒப்பர். வடம் பிடிப்பது குடும்பமும் ஊருமே.

ஆயினும் இவ்வுவமை ஓரிடத்தில் பொருந்தாது. தேர் செல்லும் வீதி முன்னரே வகுக்கப்பட்டது. வடம் பிடிப்போரை யாரும் வழி கேட்பதில்லை. ஊரின் நலத்தைப் பேணும் பணியிலோ, இழுப்பவர்களும் உடனிருந்து வழியை வகுத்தல் வேண்டும். ஏவிய வேலையைச் செய்பவர் வேறு, பங்காளர் வேறு. மக்களைப் பங்காளராகக் கொண்டு செய்த பணிகள் எவ்வாறு பயன் தந்தன, எங்கே குறையுற்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நோயாளியின் உடனிருப்பவருக்கு மருத்துவத்தில் இடமுண்டு என்பது நமக்குப் புதிய கருத்தன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கின்றார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. நோயுற்றவனையே முதலில் வைத்து எண்ணியமை கருதத்தக்கது. அருகிருந்து பேணுபவனையும் மருத்துவனோடு ஒருங்கு வைத்தார். இக்காலத்து மருத்துவமனைகளில் நோயாளியின் சுற்றத்தாரைக் கூட்டமென்று கருதி விலக்குவோரும் உளர். விலக்கவேண்டிய வேளைகளும் உண்டுதான். ஆனால், சுற்றத்தார் இல்லையெனில் பல்லாயிரவர் மாண்டிருப்பர் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. உயிருக்கு அஞ்சிய மக்கள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தை அடைந்தனர். எல்லையோரத்து ஊராகிய பன்காவில் அமைந்த முகாம்களில் வாந்திபேதி பரவியது. அங்கிருந்த சிறிய மருத்துவமனையின் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். அக்காலத்தில் இந்நோய்க்கு உரிய மருத்துவம், உடல் இழந்த நீரை ஊசியின் வழியாக இரத்தக் குழாயுள் செலுத்துவதே. அதற்கு வேண்டிய நீர்மப் புட்டிகளோ விரைந்து தீர்ந்து வந்தன. ஊசி ஏற்றத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே.

அப்போது அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனபீசு துணிவான முடிவு ஒன்றை மேற்கொண்டார். உப்பு, குளுக்கோசு, சமையற்சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலமாகக் கட்டச் செய்தார். அவற்றைக் கலந்த நீரைக் குழாய் பொருத்திய பெரிய கலங்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் தாயோ, தந்தையோ, உடன்பிறந்தாரோ குவளையில் அந்நீரைப் பிடித்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். நோயாளி வேண்டுமட்டும் குடிக்கலாம். இவ்வளவே அவர் கூறிய முறை. கல்வியறிவில்லாத ஏழை மக்கள் இதனைச் சரிவரச் செய்வரோ என்று ஐயுற்ற அறிஞர்கள் அந்நாளில் பலர். மக்கள் செய்து காட்டினர். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த அந்நோயில், அவரிடம் மருத்துவம் பெற்றவர்களுள் இறந்தவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. மகலனபீசு 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூசண் விருது அறிவிக்கப்பெற்றது. இன்று நம் வீடுகளில் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறு கரண்டிச் சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கிக் கொடுக்கின்றோமே, அதற்குப் பின்னே இந்த வரலாறும் உண்டு. உப்பு மிகுந்தால் தீங்காகும். ஆதலின் அளவைப் பிழையாமல் போற்றுதல் வேண்டும்.

இது நெருக்கடியில் பிறந்த பாடம். நெருக்கடி இல்லாத நாளிலும் மக்களைப் பங்காளராக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டு அறிஞர்களுக்கு அதற்கு முன்னரே இருந்தது. 1943இல் அமைக்கப்பெற்று 1946இல் தன் அறிக்கையை அளித்த போர் குழுவினர், ஊர்தோறும் ஐவர் முதல் எழுவர் வரை கொண்ட நலக்குழு ஒன்று அமைதல் வேண்டும் என்று கூறினர். 1978ஆம் ஆண்டு செப்டம்பரில், இன்று கசகஸ்தான் நாட்டில் உள்ள அல்மா அட்டா நகரில் 134 நாடுகளின் பேராளர்கள் கூடி, தம் நலவாழ்வுப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமை என்றும் கடமை என்றும் அறிவித்தனர். உரிமை, கடமை என்னும் இரண்டு சொற்களையும் அவர்கள் சேர்த்தே கூறினர். பிற்காலத்தில் பலர் கடமையை மட்டும் நினைவிற் கொண்டு உரிமையை மறந்தனர்.

நம் விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது, 1956ஆம் ஆண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் இயக்கத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். முதற்கண் அது ஊரார் நன்கொடையால் நடந்தது. உழவர் தானியம் தந்தனர்; வணிகர் பருப்புத் தந்தனர். பின்னரே அரசு தன் பங்கை அளித்தது. பசித்த பிள்ளை படிக்க இயலாது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். ஆகவே அவர்களை இசைவித்தல் எளிதாயிற்று. ஆனால், பள்ளிக்கு வரும் பிள்ளை தன் பசியைச் சொல்லும். பேசவே தெரியாத கைக்குழந்தையின் குறையை யார் சொல்வது?

இவ்வினாவிற்கு விடை காண முயன்றதே தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய இத்திட்டம், முதலில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் செய்து பார்க்கப்பட்டது. பின்னர் மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களுக்கு விரிந்தது. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் சுந்தரபாண்டியமும் அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது. ஆகவே இது நமக்கு அண்மையில் நடந்த செய்தியாகும்.

இத்திட்டத்தார் ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரை வயதுடைய குழந்தைகளையே சிறப்பாகக் கருதினர். அதற்குக் காரணம் உண்டு. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பாலே குழந்தைக்குப் போதும். அதன் பின் தாய்ப்பாலோடு மசித்த சோறு, பருப்பு, கீரை, கூழ் ஆகியனவும் வேண்டும். குழந்தைக்குச் செரிக்காது என்று அஞ்சி, பல வீடுகளில் ஓராண்டு வரையிலும் வேறு உணவு தொடங்குவதில்லை. தொடங்கினாலும், வயல் வேலைக்குச் செல்லும் தாய் நாளுக்கு ஐந்து முறை ஊட்டுவது எங்ஙனம்? குழந்தையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் மிகுதியாக உண்ண இயலாது. இக்காலத்தில் வளர்ச்சி குன்றினால் பின்னர் அதனை ஈடு செய்தல் அரிது.

இக்குறையில் கொடியது, அது கண்ணுக்குப் புலப்படாமையே. நாள்தோறும் பார்த்த முகத்தில் மாற்றம் தெரியாது. தெருவில் உள்ள குழந்தைகள் எல்லாரும் மெலிந்திருந்தால், மெலிந்த குழந்தையே இயல்பான குழந்தை என்று தோன்றும். காய்ச்சல் வந்தால் தாய் அறிவாள், உடம்பு சுடும். எடை கூடாமல் நின்றுவிட்டதை எந்தக் கை தொட்டு அறியும்?

ஆதலின் தராசைக் கொணர்ந்தனர். கடிகாரம் போன்ற வட்ட முகத்தையுடைய தராசு கொக்கியில் தொங்கும்; அதன் கீழே குழந்தையை இருத்துவர். மாதம் ஒருமுறை எல்லாக் குழந்தைகளையும் நிறுப்பர். நிறையை வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளியாகக் குறிப்பர். அடுத்த மாதம் மற்றொரு புள்ளி. இரண்டையும் கோட்டினால் இணைத்தால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் குழந்தையின் நிலையை ஒரு நோக்கில் அறிவாள். கோடு மேல்நோக்கி ஏறினால் நலம். படுத்துக் கிடந்தால் எச்சரிக்கை. கீழ்நோக்கி இறங்கினால் இடர். மருத்துவரின் குறிப்பேட்டுக்குள் மறைந்திருக்கக்கூடிய செய்தி இவ்வாறு தாயின் கண்முன் வந்தது. எனக்கு இத்திட்டத்தில் மிகச் சிறந்ததாகத் தோன்றுவது இதுவே. அறிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு கட்டளையை மட்டும் பிறர்க்குக் கொடுப்பவர் என்றும் தலைவராகவே இருப்பர். அறிவையும் பகிர்ந்தால்தான் மற்றவர் பங்காளர் ஆவர்.

தராசைக் கையாளும் பணியாளரைத் தேர்ந்தெடுத்த முறையும் நுட்பமானது. அவர் அவ்வூரிலேயே வாழும் பெண்ணாக இருத்தல் வேண்டும். ஓரளவு படித்தவராகவும் ஊரார் ஏற்பவராகவும் இருத்தல் வேண்டும். இவற்றோடு இன்னுமொரு தகுதியையும் விரும்பினர். அவர் ஏழைக் குடும்பத்தவராகவும், நன்கு வளர்ந்த குழந்தையைப் பெற்ற தாயாகவும் இருப்பது சிறப்பு என்றனர். ஏன் தெரியுமா? வசதி படைத்தவர் வந்து, "குழந்தைக்கு நன்றாக ஊட்டுங்கள்" என்றால், "உங்களுக்கென்ன அம்மா, சொல்வீர்கள்" என்று விடை வரும். தம்மைப் போன்றே கூலிக்குச் செல்லும் ஒருத்தியின் குழந்தை கொழுகொழுவென்று இருக்கக் கண்டால், அவள் என்ன செய்கிறாள் என்று அறியும் ஆவல் தானே எழும். அவளே நடமாடும் பாடநூல் ஆகின்றாள்.

தொடக்கத்தில் எல்லாரும் விரைந்து முன்வந்துவிடுவர் என்று எண்ணிவிடலாகாது. குழந்தையை நிறுத்தால் கண்ணேறு பட்டுவிடும் என்று அஞ்சும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மற்றோர் இடையூறும் உண்டு. திட்டத்தின்படி எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு கொடுப்பதில்லை. நிறை மிகக் குறைந்த குழந்தைக்கும், நிறை ஏறாமல் நின்ற குழந்தைக்கும் மட்டுமே வறுத்த தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்த உருண்டையைக் கொடுப்பர். தொண்ணூறு நாள் கொடுத்தபின், நிறை 500 கிராமேனும் கூடியிருந்தால் நிறுத்திவிடுவர். கூடவில்லையெனில் தொடர்வர், மருத்துவ உதவிக்கும் அனுப்புவர்.

இதனால் நேரும் வழக்கை எண்ணிப் பாருங்கள். "ஏன் அக்கா, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு நாள்தோறும் உருண்டை கொடுக்கிறீர்கள், என் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று ஒரு தாய் கேட்கின்றாள். "உன் பிள்ளையின் கோடு ஏறிக்கொண்டே இருக்கிறது, தங்கச்சி. நீ வீட்டில் ஊட்டுவதே அதற்குப் போதும். உருண்டை வாங்காத பிள்ளைதான் வென்ற பிள்ளை" என்று பணியாளர் விடை கூறவேண்டும். இது சொல்ல எளிது. ஏற்கச் செய்தல் அரிது. அரசு கொடுக்கும் பொருளைப் பெறாமை பெருமை என்று நம்மவர் கருதுவதில்லை. அவ்வாறு கருத வைப்பதற்கு ஒரு பணியாளரின் சொல் போதாது, தெருவே பேசவேண்டும்.

அதற்காகவே ஊர்தோறும் மகளிர் பணிக்குழுக்களை அமைத்தனர். குழுவினர் வீடுவீடாகச் சென்று குழந்தைகளை நிறுக்க அழைத்து வந்தனர். உருண்டை செய்வதிலும் கைகொடுத்தனர். குடற்புழு மருந்து கொடுக்கும் நாளையும் வைட்டமின் ஏ சத்து மருந்து கொடுக்கும் நாளையும் அண்டை வீட்டாருக்கு அறிவித்தனர். மாமியார் மறுத்தால் மாமியாரிடம் பேசுவதற்கு அவ்வயதுடைய ஒருவர் குழுவில் இருப்பது எவ்வளவு நன்மை என்பதைக் குடும்பங்களை அறிந்தவர் அறிவர். சிறுவர் குழுக்களும் சில ஊர்களில் இருந்தன.

1989இல் முதற்கட்டம் நிறைவுற்றது. திட்டம் நடந்த பகுதிகளில் குழந்தைகளின் கடுமையான ஊட்டக்குறை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதியளவு வரை குறைந்தது என்று ஆராய்ந்தோர் கூறினர். பிற நாட்டார் இதனை வந்து கண்டு சென்றனர். இரண்டாம் கட்டம் 1990களில் நடந்தது. பின்னர் இப்பணி அங்கன்வாடி மையங்களை நடத்தும் பெருந்திட்டத்தோடு இணைந்தது. இன்றும் அங்கன்வாடியில் குழந்தையை நிறுக்கின்றனர், நிறையைப் பதிகின்றனர். உங்கள் தம்பி தங்கையரை நிறுக்கும்போது அருகில் நின்று அந்த வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். எண்ணைப் பதிந்துவிட்டுக் கோட்டைத் தாய்க்குக் காட்டாமல் விட்டால், தராசு இருந்தும் பயன் பாதியே.

இனி, குறைகளையும் கூறவேண்டும். கடுமையான ஊட்டக்குறை குறைந்த அளவிற்கு, நடுத்தரமான ஊட்டக்குறை குறையவில்லை. மகளிர் குழுக்கள் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் இயங்கவில்லை. ஊக்கமுள்ள பெண்கள் அமைந்த ஊர்களில் தழைத்தன. பிற ஊர்களில் பெயரளவில் நின்றன. இதற்குப் பெண்களைக் குறை கூறுதல் முறையன்று. யாரை நிறுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்னும் விதிகள் எல்லாம் மேலிருந்து வந்தவை. உருண்டை பிடிக்கும் கைகளாகப் பெண்களை அழைத்தனர். விதி வகுக்கும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை குறைவாகவே இருந்தது. வேலையில் மட்டும் பங்கு கொடுத்து முடிவில் பங்கு கொடாவிடின், ஊக்கம் நாளடைவில் தளர்வது இயல்பே.

மருந்தே இல்லாத ஒரு நோயை மக்கள் தம் கையாலேயே ஒழித்த வரலாறும் ஒன்று உண்டு. நரம்புச்சிலந்தி என்னும் நோயை இன்றைய மாணவர் கண்டிருக்க மாட்டார்கள். படிக்கிணற்று நீரில் வாழும் மிகச் சிறிய உயிரியின் உடலில் இப்புழுவின் இளமுட்டம் தங்கியிருக்கும். அந்நீரைக் குடித்தவர் உடலில் அது வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு முழத்திற்கும் நீண்ட புழுவாய்க் காலைத் துளைத்து வெளிவரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் கிணற்று நீரில் வைப்பார். புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். ஊர் முழுதும் அந்நீரையே குடிக்கும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மாற்று மருந்தும் இல்லை. துணியில் வடிகட்டிக் குடித்தலும், புண்பட்ட காலோடு கிணற்றில் இறங்காமையும், படிக்கிணற்றை இறங்க இயலாத கிணறாக மாற்றுதலும் ஆகிய இவையே வழி. நெய்யும் கைகள் நிறைந்த நாட்டில் துணிக்கா பஞ்சம்? தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன்னரே இந்நோயினின்று விடுபட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டு சூலையில் இராசத்தானத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நம் நாடு இந்நோய் அற்ற நாடென்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்று அளித்தது.

இவ்வரலாற்றில் கிணற்றை மாற்றிக் கட்டும் பணி ஒன்று இருப்பதைக் கவனித்தீர்களா? வடிகட்டுவது வீட்டார் கடமை. கிணற்றை மாற்றிக் கட்டுவது ஊராட்சியும் அரசும் செய்யவேண்டிய கடமை. குடும்பங்களுக்கு அறிவுரை கூறுவோர் இரண்டாவதை மறந்துவிடுவது உண்டு.

டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அதனைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. நாம் சேர்த்து வைக்கும் தெளிந்த நீரில் பிறப்பது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே தொட்டியையும் குடத்தையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, மூடி வைத்தல் வேண்டும் என்று பணியாளர் வந்து கூறுவர். நல்ல அறிவுரையே, தவறாமல் செய்க. ஆனால் வீட்டார் தொட்டியில் நீரைச் சேர்த்து வைப்பது ஏன்? குழாயில் நீர் நாள்தோறும் வாராத ஊரில், சேர்த்து வைக்காமல் எப்படி வாழ்வது? மழை குறைந்த நம் பகுதியில் தண்ணீரின் அருமையைப் பெண்கள் நன்கு அறிவர். சேர்த்த நீரைக் கீழே கொட்டு என்றால் அவர்கள் மனம் எப்படி இசையும்? பணியாளர் வீட்டாரைப் பார்த்து, "ஏன் மூடவில்லை?" என்று கேட்கலாம். வீட்டாரும் ஊராட்சியைப் பார்த்து, "நீர் ஏன் எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது?" என்று கேட்கலாம். இரண்டு கேள்விகளும் எழும் ஊரில்தான் கொசு ஒழியும். ஒரு கேள்வி மட்டும் எழும் ஊரில் அறிவுரை மிகும், காய்ச்சலும் மிகும்.

இவ்வாறு கேட்பதற்கு உரிய இடத்தை நம் சட்டமே வகுத்துள்ளது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களை எண்ணிக் கூறுகின்றது. குடிநீரும், சுகாதாரமும் மருத்துவமனைகளும், மகளிர் குழந்தைகள் நலமும் அவற்றுள் அடங்கும். வாக்காளராய் உள்ள அனைவரும் கூடும் கிராம சபைக்கு அத்திருத்தம் இடம் தந்தது. சுந்தரபாண்டியம் போன்ற பேரூர்களுக்கும் நகரங்களுக்கும் 74ஆவது திருத்தம் உரியது. பொது நலவாழ்வு அதன் பட்டியலிலும் உண்டு. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம், போர் குழுவினர் 1946இல் எண்ணியது போன்ற ஊர் நலக்குழுக்களை அமைக்க வழி செய்தது. எண்ணம் செயலாக அறுபது ஆண்டுகள் சென்றன.

கூட்டம் கூடுவதனால் மட்டும் மக்களாட்சி நிகழ்ந்துவிடாது. கிராம சபையில் முன்வரிசையில் அமர்வோர் யார்? பேசுவோர் யார்? கூலியை விட்டு வர இயலாதவர் எத்துணைப் பேர்? ஊரின் ஒரு கோடியில் உள்ள தெருவினர் பேச எழுந்தால், மற்றவர் பொறுமையோடு கேட்கின்றனரா? வயிற்றுப்போக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் நீர்க்குழாயின் கடைசி முனையில் உள்ள தெருவிலேயே. குழாயில் நீர் அழுத்தம் குறையும் இடத்தில் சாக்கடை நீர் உள்ளே கசியும். ஆகவே ஊர் நலத்தைப் பற்றி முதலில் அறிந்திருப்பவர் அத்தெருவினரே. அவர்கள் சொல்லைக் கடைசியாகக் கேட்கும் ஊர், நோயைக் காலந்தாழ்த்தே அறியும்.

உங்களுள் பலர் இன்னும் வாக்குரிமை பெறும் வயதை அடையவில்லை. ஆயினும் கிராம சபை நடக்கும் இடத்தில் சென்று அமர்ந்து கேட்பதற்கு வயதெல்லை தடையாகாது. தீர்மான ஏடு ஒன்று அங்கே இருக்கும். சென்ற முறை குடிநீர் பற்றியும், துணை நலவாழ்வு நிலையத்தின் செவிலியர் வரும் நாள் பற்றியும், அங்கன்வாடியின் கூரை பற்றியும் என்ன எழுதினர் என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படித்துக் காட்டியபின், கடைசித் தெருவிலிருந்து வந்த ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு எழுந்து, தன் வீட்டுக் குழாயில் கலங்கல் நீர் வருவதைக் கூறினால், அவர் சொன்னது அந்த ஏட்டில் அவர் சொன்னவாறே எழுதப்படுகின்றதா என்று உற்றுப் பாருங்கள்.